நைஜீரியாவில் வேலையா? லீவுப் பட்டியலை இப்படிப் படியுங்கள்

லாகோஸில் வேலை கிடைத்ததும் காலண்டரை எடுத்து ஜனவரி 1, மே 1, ஜூன் 12, அக்டோபர் 1, டிசம்பர் 25, 26 ஆகியவற்றைப் பேனாவால் குறித்துவிடுங்கள். புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் அப்படியே. தேதி மாறாத லீவு நாட்கள் ஞாயிறில் விழுந்தால் பெரும்பாலும் திங்களன்று லீவு கிடைக்கும். 2023 அக்டோபர் 1 ஞாயிறு. மறுநாள் லீவு விட்டார்கள்.

ஜூன் 12 அன்று மட்டும் எந்த மீட்டிங்கும் வைத்துவிடாதீர்கள். 1993-ல் அன்று நடந்த அதிபர் தேர்தலில் எம்.கே.ஓ. அபியோலா முன்னிலையில் இருந்தபோதே ராணுவ ஆட்சி அதை ரத்து செய்தது. பின்னர் கைதான அவர் 1998-ல் காவலிலேயே இறந்தார். மே 29-ல் கொண்டாடிவந்த ஜனநாயக நாளை 2019-ல்தான் இந்தத் தேதிக்கு மாற்றினார்கள். உங்களுடன் வேலை செய்யும் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 1993-ஐப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

முஸ்லிம் பண்டிகைகளைப் பென்சிலால் குறியுங்கள். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வழக்கமாக இரண்டிரண்டு நாள், மீலாதுக்கு ஒரு நாள். பிறை தெரிந்ததை நைஜீரிய முஸ்லிம்களின் தலைவரான சொக்கோட்டோ சுல்தான் அறிவிப்பார். லீவை அறிவிப்பது உள்துறை அமைச்சகம். 2024-ல் நோன்புப் பெருநாளுக்கு ஏப்ரல் 9, 10 லீவு என்றார்கள். பிறை தெரியவில்லை, பெருநாள் 10-ம் தேதிக்குப் போனது, 11-ம் தேதியும் லீவானது. வியாழக்கிழமை லாகோஸின் அபாபா துறைமுகத்தில் சரக்கை எடுக்கலாம் என்று திட்டமிட்டவர்களின் கதி என்ன? அந்த வாரத்தில் வேலைக்கென்று மிஞ்சியது திங்களும் வெள்ளியும்தான். பெருநாள் வாரத்தில் டெலிவரி, டெண்டர் கடைசி நாள் எதையும் வைக்காதீர்கள்.

யோருபா மக்கள் இலேயா என்று அழைக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் செம்மறிக் கிடா வாங்க வேண்டும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஊழியர்கள் அட்வான்ஸ் கேட்பது இதற்காகத்தான். கொடுப்பதானால் இரண்டு வாரம் முன்பே கொடுங்கள், கடைசி நேரத்தில் கையில் வரும் பணத்தில் பாதிக் கிடாகூட வாங்க முடியாது.

பட்டியலில் இல்லாத நாட்களும் உண்டு. ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி இசெசே எனும் பாரம்பரிய வழிபாட்டு நாளுக்கு ஓசுன், ஓயோ, ஓகுன், லாகோஸ் மாநிலங்கள் லீவு விட்டிருக்கின்றன. முன்னாள் அதிபர் புகாரி இறந்தபோது 2025 ஜூலை 15-ஐத் திடீரென லீவாக அறிவித்தார்கள். தென்கிழக்கில் 2021 ஆகஸ்டில் பிரிவினை இயக்கம் விடுத்த கட்டளையால் பல ஊர்களில் திங்கள்தோறும் கடைகள் மூடிக் கிடந்தன. ஒனிட்சா, அபா பக்கம் வியாபாரம் இருந்தால் திங்களை நம்பும் முன் உள்ளூர் ஆளிடம் விசாரியுங்கள்.

உங்கள் கீழ் ஆட்கள் இருந்தால் டிசம்பர் ரோஸ்டரை அக்டோபரிலேயே போடுங்கள். தென்கிழக்கைச் சேர்ந்த இக்போ ஊழியர்கள் கிறிஸ்துமஸுக்கு எப்படியும் ஊருக்குப் போவார்கள். பஸ்ஸில் அது ஒரு முழுநாள் பயணம். பெருநாளில் கிறிஸ்தவர்களும் கிறிஸ்துமஸில் முஸ்லிம்களும் வேலை பார்ப்பதென்று அவர்களையே பேசி முடிக்கச் சொல்லுங்கள். நீங்களாகப் பெயரைப் பார்த்து மதத்தை ஊகிக்காதீர்கள். யோருபாக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே வீட்டில் இரு மதத்தவரும் இருப்பார்கள்.

கடைசியாக, உங்கள் நியமனக் கடிதம். தொழிலாளர் சட்டப்படி ஓராண்டு வேலை முடித்தவருக்குக் குறைந்தது 6 வேலை நாள் சம்பளத்துடன் விடுப்பு. அதற்கு மேல் எத்தனை நாள், அரசு விடுமுறையன்று வேலை செய்தால் என்ன கூலி என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.