மெட்டு ஏறும் ஜீப்பும் மறுக்கப்பட்ட வாரண்டியும்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் பொட்டிபுரம். சாந்தன்பாறைப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. குடும்பம் ஓடுவது அதை நம்பித்தான். தோட்டத்துக்குப் போய்வர 16 லட்ச ரூபாய்க்கு ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப் வாங்கினேன். நானேதான் ஓட்டுகிறேன். ஒரு வருஷத்திலேயே புகை ஃபில்டர் விளக்கு அடிக்கடி எரிய ஆரம்பித்தது, வண்டியும் இழுக்கவில்லை. நாலு தடவை சர்வீஸுக்கு விட்டேன். இப்போது ஃபில்டரையே மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். ஓட்டும் முறை சரியில்லை, போடியில் வெளி ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் மாற்றிவிட்டீர்கள், அதனால் வாரண்டி இல்லை என்று கைவிரிக்கிறார்கள். புது வண்டி கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் புது வண்டியை முதல் கோரிக்கையாக வைத்தால் வழக்கு வலுவிழக்கும். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பழுதான பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம் என்பதுதான் வாரண்டியின் வாக்குறுதி என்றால், அதைத் தாண்டி முழு வண்டியையும் மாற்றித் தரும்படி உத்தரவிட முடியாது. அடிப்படை உற்பத்திக் குறை நிரூபணமானால் நிலைமை வேறு. வாசகர் கேட்க வேண்டியவை இலவசமாகப் புது ஃபில்டர், ஏற்கெனவே கட்டிய பழுதுச் செலவு, வண்டி நின்ற நாட்களுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு.

இந்த ஃபில்டர் ஏன் அடைக்கிறது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. போடி மலையில் பல வருஷம் ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய கமாண்டர், மேஜர் ஜீப்புகளில் இந்தச் சாமான் கிடையாது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேனரை வைத்தே வேலையை முடித்துவிடுவார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் இந்த ஃபில்டர் (டிபிஎஃப்) சேர்ந்தது. பிடித்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகைப் பாதை நன்றாகச் சூடேற வேண்டும். சமதளச் சாலையில் ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால் அது நடக்கும். முந்தலைத் தாண்டிப் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு தோட்டத்துக்குள் முதல் கியரில் ஊர்தல், அங்கே எஞ்சினை அணைத்தல் என்று போனால், எரிப்பு பாதியில் நின்றுபோகும். அப்படி நிற்கும்போதெல்லாம் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலையும் கெடுக்கும்.

மலைக்கு, காட்டுப் பாதைக்கு என்று சொல்லி விற்ற வண்டி மலையில் மெதுவாக ஏறுவதை 'தவறான ஓட்டுமுறை' என்பது என்ன நியாயம்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(11), வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. பொட்டிபுரம் முகவரியும் தோட்டத்துக்குத்தான் வண்டி என்பதும் ஷோரூமுக்குத் தெரிந்திருந்தும், டிபிஎஃப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் அதுவே வலுவான வாதம். கையேட்டில் இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே கையேட்டின் அந்தப் பக்கத்தையும், வாரண்டி எதற்கெல்லாம் செல்லாது என்ற பட்டியலையும் முதலில் வரி விடாமல் படிக்க வேண்டும்.

வெளி ஒர்க்‌ஷாப் என்ற சாக்கு அவ்வளவு பலமானதல்ல. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்தத் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அது சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போன உத்தரவு என்பதால் அதை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது. ஆனாலும் கிளட்ச் மாற்றியதற்கும் ஃபில்டரில் கரி சேர்ந்ததற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது சர்வீஸ் சென்டர்தான்.

அடுத்து, 'வணிக நோக்கத்துக்கு வாங்கிய வண்டி, இவர் நுகர்வோரே அல்ல' என்பார்கள். கோவை பிஎஸ்ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் (1995) இதற்கு விடை உண்டு: சுயதொழில் செய்து பிழைக்க வாங்கி, தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். மூன்று ஏக்கரை நம்பி வாழ்பவர், தானே ஓட்டும் வண்டி என்பது இங்கே பெரிய பலம். ஆனால் சீசனில் வெள்ளை போர்டு வண்டியிலேயே மற்ற தோட்டத்து ஆட்களையும் கூலிக்கு ஏற்றிப் போகும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். பெர்மிட் இல்லாத வாடகை ஓட்டம் தனிக் குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கைகழுவப் பார்க்கும்.

மதுரையில் வாங்கிய வண்டியாக இருந்தாலும் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பிரிவு 34 தருகிறது. மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்ச ரூபாய் வரை. 16 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினால், பல நேரம் அங்கேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிடும்.

நான்கு முறை சர்வீஸுக்கு விட்டதற்கும் ஜாப் கார்டு இருக்கிறதா? ஒவ்வொன்றிலும் 'டிபிஎஃப் விளக்கு' என்று எழுதியிருக்கிறதா, 'ஜெனரல் செக்கப்' என்றா? இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டர் பதிவு நகலை எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாரண்டி மறுப்பையும் வாய்ச்சொல்லாக விடாமல் மின்னஞ்சலில் வாங்க வேண்டும். காசு கொடுத்து ஃபில்டரை மாற்ற நேர்ந்தால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டி, பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது அவசியம். குறையைச் சோதனையில்லாமல் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் அதைப் பரிசோதனைக்கு அனுப்பப் பிரிவு 38 இடம் தருகிறது. பொருள் கையில் இல்லாமல் நிபுணர் அறிக்கை கிடைக்காது, அறிக்கை இல்லாமல் உற்பத்திக் குறை என்ற வாதம் நிற்காது.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வாரண்டி மறுத்த தேதியை எழுத்தில் பெற்றுவிட்டால், அதிலிருந்து கணக்கிட்டு அதற்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும்.