எமது தீவின் உயிர்கள்: ஹற்றனிலிருந்து ஆரையம்பதி வரை



இம்முறை பாடப் பகுதியில் நாம் வாழும் இந்தத் தீவைப் பற்றியும், நம்மோடு சேர்ந்து வாழும் மிருகம், பறவை, தவளைகளைப் பற்றியும் கொஞ்சம் பார்ப்போம். "அதெல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொழுந்து மலைக்குப் போகும் பாதையில் சிறுத்தையின் காலடியைக் காண்பவர்கள் நீங்கள்தான். புத்தகம் எழுதியவர்கள் அல்ல.

ஒரு ஆடி மாதத்தில் ஹற்றன் பக்கத் தோட்டப் பிள்ளைகள் சிலரை ஆரையம்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். புறப்படும்போது அடை மழை. லயத்துக் கொடியில் துணி காயாமல் நாலு நாள். நுவரெலியாவிலும் தூறல் விடவில்லை. வெலிமடை தாண்டியதும் வானம் வெளுத்தது. பதுளையில் வெயில். அங்கிருந்து செங்கலடி வீதியில் இறங்க இறங்கத் தேயிலை முடிந்து மானாப்புல் மலைகள் வந்தன. பிபிலைப் பக்கம் புல்வெளிக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள். மகாஓயாவுக்கு அப்பால் பாலையும் வீரையும் நிற்கும் உலர்ந்த காடு, யானை கடக்கும் வீதி. பிறகு வயல்வெளி, அதற்கும் அப்பால் வாவி. ஒரு பகல் பஸ் பயணத்தில் இத்தனை வகை நிலமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

இதற்கான பதிலை ஆரையம்பதி வாவிக்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். எங்கள் பையன் ஒருவன், "என்னா தாத்தா, இங்க இப்படிக் காயுது? எங்க ஊர்ல மழை கொட்டுதே!" என்றான். அவர் சிரித்துவிட்டு, "மனே, இது கச்சான் காத்து. உங்கட மலையில தண்ணிய இறக்கிப்போட்டு வெறும் சட்டியோடதான் இஞ்ச வாறது" என்றார்.

பாடப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மறுபக்கம் இறங்கும்போது ஈரம் போய், சூடேறி, வறண்ட காற்றாகிறது. ஹற்றனை நனைக்கும் காற்றும் ஆரையம்பதியை வாட்டும் கச்சானும் ஒன்றுதான். ஊவாத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். ஆடி, ஆவணியில் அந்த வறண்ட காற்று வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும், விலையும் கூடும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டம் மாறும். வடகிழக்குப் பக்கத்திலிருந்து மாரி மழை வந்து வாவியை நிரப்பும்.

சிறிய தீவு இது. மொத்தம் 65,610 சதுர கிலோமீற்றர். நடுவில் 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலை. காற்று வரும் பக்கமும் மலையின் உயரமும் சேர்ந்து, ஈரக்காடு, முகில் தங்கும் குளிர்க்காடு, புல்வெளி, உலர்காடு, கண்டல் சதுப்பு என்று பல வீடுகளை இந்தச் சின்னக் காணிக்குள் கட்டி வைத்திருக்கின்றன. வீட்டுக்கு ஏற்ற குடித்தனம் போல ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயிர்கள்.

வேறெங்கும் இல்லாதவை

காட்டுக்கோழியை எடுத்துக்கொள்வோம். நமது முன்னோர் வந்த தமிழ்நாட்டு மலைகளில் இருப்பது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. இங்கே விடியற்காலையில் தேயிலை ஓரத்தில் கூவுவது செம்மஞ்சள் உடம்பும், சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டும் கொண்ட வேறொரு சாதி. இலங்கையைத் தவிர உலகில் எங்கும் காட்டில் இல்லை. நாட்டின் தேசியப் பறவையும் அதுவே.

கடல் நடுவே பிரிந்து கிடப்பதால் இப்படி ஆனது என்று சொல்வது வழக்கம். அது பாதிதான் உண்மை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். உலகம் குளிர்ந்து கடல் வற்றிய காலங்களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே தரைவழி இருந்தது. கடைசியாக அது மூடி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்குள்தான் ஆகிறது. யானையும் சிறுத்தையும் நடந்து வரக்கூடிய வழி அது. ஆனால் தவளை நடக்காது. ஈரமில்லாத சமவெளியைத் தாண்ட அதற்கு உடம்பு இடங்கொடாது. ஆகவே இந்த ஈரமலை, தீவுக்குள் இன்னொரு தீவாக நீண்டகாலம் தனித்து நின்றது. இங்கே அறியப்பட்ட தவளை இனங்கள் நூறுக்கு மேல். அவற்றில் பத்துக்கு எட்டு வேறெந்த நாட்டிலும் கிடையாது. பல இனங்களுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. குளத்தைத் தேடாமல் ஈரமண்ணிலோ இலையிலோ முட்டையிடும். அதிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். கானோரத்தில் கொழுந்துக் கூடையை இறக்கும்போது கைவிரல் நகமளவில் ஒன்று துள்ளினால், அது பெரிய தவளையின் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். அதன் முழு வளர்ச்சியே அவ்வளவாக இருக்கலாம்.

மலைக்கு மலையும் கதை மாறும். மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்று ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் இருக்கிறது. நக்கிள்ஸ் மலையில் இருப்பதற்குக் கொம்பு இலை போலத் தட்டையானது. றக்வானை மலையில் இருப்பவை வேறு. நடுவே உள்ள பள்ளத்தாக்கைக் கடக்க முடியாமல் ஒவ்வொன்றும் தன் மலையிலேயே தங்கிவிட்டது. உலகம் சூடாகிவரும் இந்நாட்களில் இவற்றின் கஷ்டம் இதுதான்: கீழே இருப்பது மேலே ஏறலாம், உச்சியில் இருப்பது எங்கே போகும்?

தேவாங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோர்ட்டன் சமவெளியின் தேவாங்கு 1937 இல் பதிவானது. பிறகு அகப்படவே இல்லை, அழிந்துபோயிற்று என்றே பலர் எண்ணினர். 2010 ஆம் ஆண்டில்தான் அதன் தெளிவான படங்கள் வெளியாகின. அது கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிக் கல்லெறிகிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. அது தின்பது பூச்சிகளை. ஆகாது என்றால் பூச்சிக்குத்தான் ஆகாது.

காடு எப்படி மிஞ்சியது

நமது தோட்டங்கள் நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் காடு. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் நமது பாட்டன் பூட்டன்மார். வெட்டச் சொன்னவர்கள் வேறு. யானைகளும் அப்போதுதான் மலையை விட்டுப் போயின. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

1873 இல் லண்டன் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் ஒரு ஆலோசனை சொன்னார். 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம், தொட்டால் ஆறுகள் வற்றும் என்பது அதன் சாரம். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே வெட்டப்பட்டவை போக, இன்று தேயிலைக்கு மேலே தொப்பி போலக் கறுத்துத் தெரியும் காடுகள் பல அதனால் மிஞ்சியவை. ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவானது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

வலையும் கம்பியும்

ஆரையம்பதிக்குத் திரும்புவோம். ஆரை என்பது ஈரநிலத்தில் வளரும் ஒரு கீரை. அது பற்றையாக மண்டிக் கிடந்ததால் ஆரைப்பற்றை என்பதே பழைய பெயர் என்று ஊரார் சொல்வார்கள். ஊர் இருப்பது எழுவான்கரையில், ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. அக்கரை படுவான்கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை தோணியிலும் பாதையிலும்தான் கடந்தார்கள். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கரையோரம் கண்டலும் தில்லையும். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தினோம். கண்டல் வேருக்குள்தான் றால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளருகின்றன. வேரை வெட்டி மண் நிரப்பினால் வலையில் விழ எதுவும் மிஞ்சாது.

அந்த வேர்களுக்குள் ஒரு தங்கூசி வலைத் துண்டு சிக்கிக் கிடந்தது. அதில் ஒரு நீர்க்காகம் செத்துத் தொங்கியது. பெரியவர் கத்தியால் அறுத்து எடுத்தார். "சட்டத்தில தடை. ஆனா போடுறாங்க. அறுந்து போனா அது சாகாது மனே, கிடந்து கொன்று கொண்டே இருக்கும்" என்றார். எங்கள் பையன் சட்டென்று, "எங்க தோட்டத்துலயும் கம்பி அப்படித்தான் கிடக்கும்" என்றான்.

அவன் சொன்ன கம்பி எது என்று உங்களுக்குத் தெரியும். பன்றிக்கு வைக்கும் சுருக்குக்கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்தில் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் இறந்தது. கறுப்பு நிறத்தில் சிறுத்தை பிறப்பது இந்நாட்டில் மிக அரிது. சாதாரணச் சிறுத்தைகளும் மலையகத் தோட்டங்களில் இப்படியே பல செத்திருக்கின்றன. இலங்கைச் சிறுத்தை தனி உபஇனம். வனசீவராசிகள் சட்டம் 1937 முதல் இருக்கிறது. பிடிபட்டால் சிறைக்குப் போவது கம்பி வைத்த தொழிலாளிதான்.

கம்பி வைப்பவனை மட்டும் குறை சொல்ல நாம் தயாரில்லை. லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியையும் கிழங்கையும் ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் பன்றிக்குட்டியைத் தின்று தொகையைக் குறைப்பதும் அதே சிறுத்தைதான். அதைக் கொன்றுவிட்டுப் பன்றி பெருகுகிறது என்று பேசுகிறோம். நாலைந்து குடும்பம் சேர்ந்து தோட்டங்களை ஒரே வேலிக்குள் அடைத்து முறைபோட்டுக் காவல் காப்பது கஷ்டம்தான், ஆனால் பலன் தரும்.

சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடவேண்டாம். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் கூட்டம் சூழ்ந்துகொண்டதில் பலர் காயப்பட்டார்கள், சிறுத்தையும் அடித்துக் கொல்லப்பட்டது. அதற்குத் தப்பி ஓட வழி விட்டுப் பின்வாங்குங்கள். குனிந்து கொழுந்தெடுக்கும் பெண்களும் சிறு பிள்ளைகளும் பொழுது சாய்ந்தபின் காட்டோரத்தில் தனியே நிற்கவேண்டாம். லயத்தருகே குப்பை குவிந்தால் நாய் கூடும். நாயைத் தேடித்தான் சிறுத்தை வரும். கம்பியில் ஏதும் சிக்கியிருந்தால் கிட்டப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ உடனே சொல்லுங்கள். வெறுங்கம்பி கண்டால் கழற்றிச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

ஊர் திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பையனும் அவன் மாமாவும் எமது நிலையத்துக்கு வந்தார்கள். ஒரு உரப்பையில் பதினொரு கம்பிகள். யார் வைத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.