படத்தின் மேல் உரை எழுதுதல்: புலிமான்கோம்பை நடுகல்லை முன்வைத்து

மூலம் வேறு, உரை வேறு என்பது தமிழ்க் கல்வியின் முதற்பாடம். உரையாசிரியர் எத்துணைப் பெரியவராயினும் தம் சொல்லை நூற்பாவினுள் கலந்து எழுதுவதில்லை. இவ்வொழுக்கத்தைப் படங்களைக் கொண்டு பாடம் நடத்தும்போதும் பேண வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையில் தோன்றும் காட்சியை அப்படியே படமாக்கிக்கொள்வதைத் திரைப்பிடிப்பு என்பர். விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், வேண்டிய பகுதியை மட்டும் பிடிக்கலாம். அப்படத்தின் மேல் அம்புக்குறி, கட்டம், எண், சிறுகுறிப்பு ஆகியவற்றை இடவும் கருவிகள் உள. கைப்பேசியிலும் இவ்வசதிகள் உண்டு.

இதற்கு ஏற்ற பாடம் நம் தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' எனப் படிக்கப்பட்டுள்ளது. கூடலூர் ஆநிரை கவர்தலில் பட்ட வீரனுக்கு எடுத்த கல் என்று இதற்குப் பொருள் கொள்வர். 'ஆகோள்' என்பது தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித்திணைக்கு உரியதாக வரும் சொல். வகுப்பில் இலக்கணமாகப் படிக்கும் சொல்லே நம் மண்ணின் கல்லிலும் நிற்கக் காண்கிறோம்.

இக்கல்லின் தெளிவான ஒளிப்படத்தைத் திரைப்பிடிப்புச் செய்து, மாணவர் மூன்று படிகள் எடுக்க வேண்டும்.

முதற்படி மூலம். இதில் ஒரு கோடும் இடலாகாது. படம் எங்கிருந்து பெறப்பட்டது, எடுத்தவர் யார் என்பவற்றைத் தனியே எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாம்படி கண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் எண் இட்டு, சிதைந்த இடங்களைக் கட்டமிட்டுக் காட்ட வேண்டும்.

மூன்றாம்படி கொண்டது. எழுத்தின் ஒலி, சொற்பிரிப்பு, பொருள் ஆகியவற்றை வேறு நிறத்தில் எழுத வேண்டும். நிறவேறுபாடு அறிய இயலாதாரும் வகுப்பில் இருக்கக்கூடும். ஆதலின் புள்ளிக்கோட்டையும் உடன் பயன்படுத்துதல் நன்று.

இப்பிரிவு ஏன் வேண்டும்? புள்ளியிடும் வழக்கம் பரவாத பழைய எழுத்தில், ஓரெழுத்து மெய்யா, அகரம் ஏறியதா என்பதைப் படிப்பவரே துணிய வேண்டியுள்ளது. அத்துணிபு கண்டது அன்று, கொண்டதே. அவ்வாறே, கல்லின் 'கூடல் ஊர்' கம்பம் பள்ளத்தாக்கில் இன்றுள்ள கூடலூர்தானா என்பதும் மூன்றாம் படியில் வினாக்குறியோடு எழுதத்தக்கது. பெயர் ஒத்திருப்பது தேடலுக்குத் தொடக்கம், அதுவே முடிவாகாது.

கல்வெட்டு தெளிவாகத் தெரிய வேண்டுமென்று எழுத்தின் மேலேயே சுண்ணக்கட்டியால் தீட்டிப் படம் எடுப்பாரும் உளர். தீட்டிய கை ஓரிடத்தில் பிழைத்தால், அப்படத்தைக் காண்பார் அனைவரும் பிழையையே எழுத்தென்று கொள்வர். கல்லுக்கும் ஊறு நேரும். உத்தமபாளையத்துச் சமணச் சிற்பங்களையும் அங்குள்ள வட்டெழுத்தையும் காணச் செல்லும் மாணவர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். எழுத வேண்டுவன எல்லாம் படத்தின் படியில் எழுதலாம். கல்லைத் தொட வேண்டுவதில்லை.

நடைமுறையில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. திருத்திய படத்தைச் சேமிக்கையில் மூலம் அழிந்துவிடாதபடி, புதிய படியாகவே சேமிக்க வேண்டும். வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் நுண்கோடுகள் மங்கக்கூடும். ஆவணமாக அனுப்புதல் நலம். கருவி இல்லாத வகுப்பில், அச்சிட்ட படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து எழுதினாலும் இப்பயிற்சி நிறைவேறும்.

பழங்கல்வெட்டு என்றும் அரிய சான்று என்றும் நாள்தோறும் கைப்பேசிக்கு வரும் படங்கள் பல. அவற்றைப் பிறருக்கு அனுப்புமுன், 'இதில் மூலம் எது, உரை எது?' என்று ஒரு மாணவர் வினவுவாராயின், அதுவே இப்பயிற்சியின் பயனாகும்.