வெயில் நாட்டில் ஒரு குறைபாடு

விற்றமின் டி குறைந்தால் என்புகள் நலியும் என்பது நாம் அறிந்ததே. தொற்றுநோய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உயிரியல் பாடவேளையில் தோழி ஒருத்தி கேட்டாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்ததை இங்கே தருகிறேன்.

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் நோயாளரை வெயிலில் கிடத்துவார்கள். தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்த டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903 இல் நோபல் பரிசு கிடைத்தது. விற்றமின் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை!

2006 இல் ஒரு விளக்கம் கிடைத்தது. நமது வெண்குழியங்கள் காசநோய்க் கிருமியை உணர்ந்ததும், விற்றமின் டியின் துணையுடன் கதெலிசிடின் என்னும் கிருமிகொல்லிப் பொருளை ஆக்குகின்றன. குருதியில் அவ்விற்றமின் குறைந்தால் இந்த ஆயுதமும் குறைகிறது.

அப்படியானால் குளிசை போட்டால் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மொங்கோலியாவில் ஏறத்தாழ 9,000 பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பாதியினருக்கு 3 ஆண்டுகள் வாராவாரம் விற்றமின் டி கொடுத்தார்கள். பெரும்பாலானோர் குறைபாடு உள்ளவர்கள். குருதியில் விற்றமின் கூடியது. காசநோய்த் தொற்றோ குறையவில்லை. 2020 இல் வெளியான இம்முடிவு என்னைச் சிந்திக்க வைத்தது. நோயாளி வெளியே போவதில்லை, சரியாக உண்பதுமில்லை. அதனாலும் விற்றமின் குறையலாம் அல்லவா? எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது இலேசல்ல.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் விற்றமின் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரச மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். வைத்தியர் சொல்லாமல் அளவுக்கு மிஞ்சி விற்றமின் டி எடுத்தால் குருதியில் கல்சியம் கூடிச் சிறுநீரகம் பழுதாகலாம்.

நம் உடையே குறைபாட்டுக்குக் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. மூடிய தோலில் விற்றமின் உருவாகாது என்பது உண்மைதான். ஆனால் காலையில் பாடசாலை, மாலையில் பிரத்தியேக வகுப்பு என்று கூரையின் கீழேயே நாள் கழிகிறதே, அதை ஏன் எவரும் சொல்வதில்லை? யன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலாலும் பயனில்லை. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்து வெயிலே வேண்டும்.

எங்கள் வீட்டு வளவைச் சுற்றி மதில் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பத்து மணிக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உடுப்புக் காயப்போடுவது இப்போது என் வேலை. உம்மாவுக்கு அதில் நல்ல சந்தோஷம்.