கட்டமைப்பு ஆவணம் எழுதும் முறை

மென்பொருளின் கட்டமைப்பு ஆவணம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்தப் பகுதி எதனோடு பேசுகிறது? ஏன் அப்படி அமைந்தது? முதல் கேள்விக்கான பதிலை, நாள் பிடித்தாலும், நிரலைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதற்கு நிரலில் பதில் கிடையாது.

1. படிக்கப்போவது யார் என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

2. அடுத்தது படம். சைமன் பிரவுனின் சி4 முறையில் நான்கு நிலைகள் உண்டு: சூழல், கன்டெய்னர், கூறு, நிரல். பெரும்பாலான குழுக்களுக்கு முதல் இரண்டே போதும். இங்கே கன்டெய்னர் என்பது டாக்கர் கன்டெய்னர் அல்ல. தனியாக இயங்கும் செயலியையோ தரவுத்தளத்தையோ குறிக்கும். ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் ஒரு வினைச்சொல் வேண்டும்: ‘ஆர்டரை அனுப்புகிறது’, ‘இருப்பைப் படிக்கிறது’. பெயரில்லாத அம்புக்குறி வெறும் கோடுதான்.

3. பலரும் தடுமாறும் இடம், ‘ஏன்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முடிவுப் பதிவு. மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த வடிவம் எளிது: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள். ஒரு முடிவுக்கு ஒரு பதிவு; இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

சிக்கல் ‘சூழல்’ பகுதியில் தொடங்குகிறது. தரவுத்தளத் தேர்வுக்கு ‘போஸ்ட்கிரெஸ் வேகமானது, நம்பகமானது’ என்று எழுதினால் அது விளம்பரம். இணையக் கடை ஒன்றுக்கு இப்படி எழுதலாம்: ‘ஆர்டர் பதிவாவதும் இருப்பு குறைவதும் ஒரே பரிவர்த்தனையில் நடக்க வேண்டும். குழுவில் எல்லோருக்கும் எஸ்க்யூஎல் பழக்கம். மாங்கோடிபியும் பரிசீலிக்கப்பட்டது; அதைப் பராமரித்த அனுபவம் யாருக்கும் இல்லை.’ கைவிட்ட வழியையும் அதன் காரணத்தையும் சொல்லாத பதிவு அரைகுறை. ஆறு மாதம் கழித்து வருபவர் அதே யோசனையைப் புதிதுபோல் மறுபடி கொண்டுவருவார்.

‘விளைவுகள்’ பகுதியில் நன்மையை மட்டும் அடுக்குவது அடுத்த பிழை. ‘புதிய பொருள்வகை சேரும்போது அட்டவணையை மாற்ற வேண்டிவரலாம்’ என்ற பாதகமும் அங்கே இருக்க வேண்டும். ஒரு பாதகம்கூடத் தோன்றவில்லையென்றால் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள்.

முடிவு பின்னர் மாறினால் பழைய பதிவை அழிக்கவோ திருத்தி எழுதவோ கூடாது. நிலையை ‘மாற்றப்பட்டது’ என்றாக்கி, புதிய பதிவின் எண்ணைக் குறித்தால் போதும்.

4. ஆவணம் நிரலோடு அதே கிட் களஞ்சியத்தில், மார்க்டவுன் கோப்பாக இருக்கட்டும். படங்களை மெர்மெய்ட் அல்லது பிளான்ட்யூஎம்எல் கொண்டு எழுத்தாகவே வைத்தால் எந்தக் கோடு எப்போது மாறியது என்பது வரலாற்றில் தெரியும். கட்டமைப்பை மாற்றும் நிரலும் அதற்கான பதிவும் ஒன்றாகவே மதிப்பாய்வுக்குப் போக வேண்டும். ‘அப்புறம் எழுதலாம்’ என்று விட்டது எழுதப்படுவதே இல்லை.

5. கடைசியாக, எழுதியவரல்லாத ஒருவரிடம் ஆவணத்தைக் கொடுத்து, ஓர் ஆர்டர் எந்தெந்தப் பகுதி வழியாகப் போகிறது என்று சொல்லச் சொல்ல வேண்டும். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ, அங்கே இன்னும் ஒரு வரி தேவைப்படுகிறது.