பாட்டிலுக்குப் போடும் மதிப்பெண்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் வீடுகளிலும், லண்டன், டொரன்டோ, சிங்கப்பூர் தமிழர் வீடுகளிலும் வார இறுதியில் ஒரு புதுப் பழக்கம் வேரூன்றி வருகிறது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து, சிறு ஆலைகளில் தயாரான கிராஃப்ட் பீர் பாட்டில்களை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக ருசித்து, கைபேசிச் செயலியில் ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறார்கள். குடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் ருசித்து மதிப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, எங்கோ யாரோ சொன்னதைத் திருப்பி எழுதுவதை மதிப்பீடு என்று ஏற்க முடியாது. அந்த மேசைகளைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை காதுவழி வந்தவை. ஒருவரும் சரிபார்க்காதவை.

“கறுப்பு பீர் என்றால் போதை அதிகம், கனமும் அதிகம்” என்பது முதலாவது. நம்மவர்களிடம் இது இறுகிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. இலங்கையின் லயன் ஸ்டவுட் கறுப்பாகவும் இருக்கிறது, 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலும் கொண்டிருக்கிறது. அந்த ஒன்றை வைத்து எல்லாக் கறுப்பையும் எடைபோட்டுவிட்டோம். பீரின் நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருகிறது. மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தில் சிறு பங்கைக் கருக வறுத்துச் சேர்த்தாலே பீர் முழுதும் கறுத்துவிடும். ஆல்கஹாலின் அளவோ ஈஸ்ட் எவ்வளவு சர்க்கரையைத் தின்றது என்பதைப் பொறுத்தது. அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் கன்னங்கரேல் என்றிருந்தும் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் வெஸ்ட்மல்லே டிரிப்பெல் பொன்னிறத்தில் மின்னுகிறது, அதில் 9.5 சதவீதம். நிறத்தை நம்பி டிரிப்பெல்லை லைட் பீர் போல மடமடவென்று குடிப்பவர் அன்றிரவே அதற்கு விலை கொடுக்கிறார்.

“பீர் என்றால் பல் கூச வேண்டும்” என்பது அடுத்தது. கடை வாசலில் நம்மவர் கேட்கும் முதல் கேள்வியே “கூலிங் இருக்கா?” என்பதுதான். வெயில் நாட்டில் அந்த ஆசையில் தவறில்லை. தாகத்துக்குக் குடிப்பவர் எப்படி வேண்டுமானாலும் குடிக்கட்டும். மதிப்பெண் போட உட்கார்ந்தவருக்கு அது பொருந்தாது. குளிர் கூடக் கூட மணம் தரும் பொருள்கள் திரவத்தை விட்டு மேலே எழுவது குறைகிறது, நாக்கும் மந்தமாகிறது. லாகர் வகைகளுக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், பேல் ஏல்களுக்கு 7 முதல் 10, கனமான ஸ்டவுட்டுகளுக்கு 10 முதல் 13 டிகிரி என்பதே ருசிப்பவர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஸ்டவுட்டைக் கால் மணி நேரம் மேசைமேல் வைத்தால் போதும், காப்பியும் கருப்பட்டியும் கலந்தது போன்ற வாசனை தானாக வெளிவரும். உறையக் குளிர்வித்த பீரில் குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. மலிவான பீர் விளம்பரங்கள் பனிக்கட்டியைக் காட்டியே விற்றதில் வியப்பில்லை. ஆனால் நானூறு, ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியதன் மணத்தை ஃப்ரீசரில் பூட்டிவிட்டு “ஒன்றுமில்லையே” என்று இரண்டு மதிப்பெண் போடுவது காசுக்கும் கேடு, தயாரித்தவருக்கும் அநியாயம்.

நுரை விஷயத்தில் நம் சந்தேகம் இன்னும் பழையது. “நுரை வந்தால் அளவில் ஏமாற்று” என்று நினைத்து, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நுரையே எழாமல் ஊற்றுவதைத் திறமையாகக் கருதுகிறோம். பார்லியின் புரதமும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்களும் சேர்ந்து கட்டுவதே அந்த நுரை. அதன் குமிழ்கள் உடையும்போதுதான் மணம் மூக்குக்கு ஏறுகிறது. நுரையாமல் ஊற்றினால் வாயு திரவத்திலேயே தங்கி, வயிற்றில் போய் உப்புசமாகிறது. முதலில் சாய்த்து, பாதிக்கு மேல் நிமிர்த்தி, இரண்டு விரல் உயரம் நுரை நிற்கும்படி ஊற்றுவதே முறை. அப்படி ஊற்றியும் நுரை நொடியில் அடங்கினால் பீரைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸைப் பாருங்கள். உட்சுவரில் குமிழ்கள் திட்டுத்திட்டாக ஒட்டி நிற்கும். அது எண்ணெய்ப் பிசுக்கு. குழம்புச் சட்டி தேய்த்த அதே ஸ்பாஞ்சால் கழுவியதன் பலன். தனி ஸ்பாஞ்ச் வைத்துத் தேய்த்து, சோப்பு போக நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

“ஒருமுறை குளிர்ந்த பீர் சூடாகி மறுபடி குளிர்ந்தால் கெட்டுவிடும்” என்று அடித்துச் சொல்பவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. இப்படிக் கெட்டதாகச் சொல்லும் பீரில் எழும் கந்தக வாடைக்குக் காரணம் வெப்பம் ஏறி இறங்குவதல்ல, வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்து, கந்தகம் கொண்ட ஒரு சேர்மமாக மாறுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஃபோர்ப்ஸும் பெல்ஜிய ஆய்வாளர்களும் 2001-இல் இந்த வேதிவினையின் படிகளை விளக்கினார்கள். ஒரு லிட்டரில் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சையும் நிறமற்ற கண்ணாடியும் உள்ளே விட்டுவிடும். கடையின் வெளிச்ச அலமாரியில் நின்ற பச்சை பாட்டிலின் இந்தக் கெட்ட வாடையை “இதுதான் வெளிநாட்டு டேஸ்ட்” என்று பாராட்டுபவர்கள் இருக்கிறார்கள். குறைக்குக் கூடுதல் மதிப்பெண். வெளிச்சமே புகாத டின்னை “தகர வாடை” என்று ஒதுக்குபவர்களும் அவர்களே. இன்றைய டின்னின் உட்புறத்தில் பூச்சு இருக்கிறது, பீர் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

வெப்பம் நல்லது என்று இதற்குப் பொருளல்ல. வாரக்கணக்கில் வெக்கையில் கிடந்த பீர் வேகமாகப் பழசாகி, நனைந்த அட்டை போல மணக்கும். இங்கேதான் “பழசாக ஆக ஒயின் போல் ருசி ஏறும்” என்ற நம்பிக்கை பெரும் நட்டம் விளைவிக்கிறது. அதிலும் இந்தியா பேல் ஏல் என்னும் ஐ.பி.ஏ. வகைக்கு ஒரு கதை தயாராக இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மாதக்கணக்கில் கப்பலில் வர, கெடாதிருப்பதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட பீராம் அது, எத்தனை நாளானாலும் தாங்குமாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் போ பகுதியில் ஆலை நடத்திய ஹாட்ஜ்சனின் பேல் ஏல் கப்பலேறி இங்கு வந்தது உண்மை. அதே கடல்வழியில் போர்ட்டர் என்னும் கறுப்பு பீரும் பீப்பாய் பீப்பாயாக வந்து, சிப்பாய்களால் குடிக்கப்பட்டதும் உண்மை. பயணத்தைத் தாங்குவதற்காகவே ஒரு புது வகை கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்குச் சான்றில்லை. இன்றைய ஐ.பி.ஏ.வின் உயிரோ மாம்பழம், ஆரஞ்சுத்தோல், பைன் மரம் என்றெல்லாம் மணக்கும் ஹாப்ஸில் இருக்கிறது. அந்த மணம் சில மாதங்களிலேயே வடிந்துவிடும். மிகுந்த ஆல்கஹால் கொண்ட பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட், புளிப்பான லாம்பிக் போன்ற சிலவே வைத்துக் குடிக்கத் தகுந்தவை. விருந்தாளி வரட்டும் என்று ஐ.பி.ஏ.வை ஒரு வருடம் அலமாரியில் வைப்பவர், எஞ்சிய வெறும் கசப்பைத்தான் அவருக்குக் கொடுக்கிறார். வாங்கும்போதே பாட்டிலின் கழுத்திலோ டின்னின் அடியிலோ அச்சிட்ட தேதியைப் பாருங்கள்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தவர்கள் நாம். ஆகவே “கசப்பு தெரிய வேண்டுமானால் பீரைத் தொண்டைக்குத் தள்ள வேண்டும்” என்கிறோம். ஜெர்மானியர் ஹெனிக் 1901-இல் கண்டது நாக்கின் விளிம்பில் இடத்துக்கு இடம் இருக்கும் மிகச் சிறு வேறுபாட்டைத்தான். பின்வந்த நூல்கள் அதை ஊதிப் பெருக்கி வரைபடமாக்கின. ருசியறியும் நாக்கின் பகுதிகள் எல்லாமே எல்லாச் சுவையையும் அறியும். விழுங்குவதில் பயன் உண்டு, ஆனால் காரணம் வேறு: வாயின் பின்புறம் வழியாக மூச்சு வெளியேறும்போது மணம் மூக்கை அடைகிறது. மூக்கடைத்த ஜலதோஷ நாளில் மதிப்பெண் போடாதீர்கள்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் அடுத்த நம்பிக்கை செய்யும் கேட்டுக்கு ஈடாகாது. “லேபிளைப் பார்த்தால் என்ன, என் நாக்கு பொய் சொல்லாது” என்கிறோம். சொல்லும். அதை 1964-லேயே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரால்ஃப் அலிசன், கென்னத் உல் இருவரும் வழக்கமாக பீர் குடிக்கும் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் வீடுகளுக்கே, லேபிள் நீக்கிய பாட்டில்களை அனுப்பி மதிப்பிடச் சொன்னார்கள். பீர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் எதையும் அவர்கள் காணவில்லை. தமக்குப் பிடித்த பிராண்டையும் பொதுவாக அடையாளம் காண முடியவில்லை. பிறகு அதே பீர்கள் லேபிளுடன் போயின. மதிப்பெண்கள் ஏறின, அவரவர் பிராண்டுக்கு இன்னும் கூடுதலாக.

2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதைவிடக் கூர்மையானது. லியனார்ட் லீ, ஷேன் ஃபிரெடரிக், டான் ஏரியலி மூவரும் பாஸ்டனை ஒட்டிய எம்.ஐ.டி. பகுதி மதுக்கூடங்களில் பீரில் சில சொட்டு பால்சமிக் வினிகரைக் கலந்து கொடுத்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் பலருக்கு வினிகர் கலந்ததே பிடித்திருந்தது. குடிப்பதற்கு முன்பே விஷயம் சொல்லப்பட்டவர்களில் அதை விரும்பியவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். குடித்த பிறகு சொல்லப்பட்டவர்களோ ஏறத்தாழ ஒன்றும் அறியாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். தகவல் எப்போது வந்தது என்பதுதான் ருசியையே மாற்றியது. இது நாக்கின் பலவீனமல்ல, மனித மூளை வேலை செய்யும் விதம். பரிசு வாங்கியது, பெல்ஜியத் துறவிகள் தயாரித்தது, இவ்வளவு விலை என்று பாட்டிலைக் கையில் பிடித்து வாசித்துக்காட்டிவிட்டு ஊற்றினால், மதிப்பெண் அப்போதே போட்டாகிவிட்டது.

மாற்று வழி கடினமானதில்லை. ருசிக்காத ஒருவர் சமையலறையில் ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவரட்டும். இரண்டு பீர்களில் எது மேல் என்ற சர்ச்சை எழுந்தால் மூன்று கிளாஸ் வையுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. வேறுபட்டதை எடுத்துக் காட்ட முடியாதவருக்கு 4.25-க்கும் 3.75-க்கும் இடையே நீதி வழங்கும் உரிமை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மூன்றில் ஒரு முறை சரியாக அமையும் என்பதால், ஒரே ஒரு வெற்றியை நம்பக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை தற்செயலாகச் சரியாகும் வாய்ப்பு இருபத்தேழில் ஒன்று. சிறு எண்ணிக்கையிலான மாதிரிகளை வைத்து எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்ற கணக்கே பீர் ஆலையில் பிறந்ததுதான். டப்ளின் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோஸெட், 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார்.

நண்பர்கள் வாயைத் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிவிட வேண்டும். முதலில் ஒருவர் “அருமை” என்று சொல்லிவிட்டால் மற்றவர் அதற்கு மேல் ஏறுவாரே தவிர இறங்க மாட்டார். எதை எழுதுவது என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. 1985-இல் தொடங்கிய அமெரிக்காவின் பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பு ஐம்பது மதிப்பெண்ணை மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் பதத்துக்கு 5, மொத்த எண்ணத்துக்கு 10 என்று பிரிக்கிறது. நாம் படமெடுத்துப் பகிரும் அழகுக்கு ஐம்பதில் மூன்று.

“ஆயிரக்கணக்கானோர் போட்ட மதிப்பெண் தவறாகுமா?” என்பார்கள். அந்த மதிப்பெண்களை வைத்துச் செயலிகளும் தளங்களும் போடும் பட்டியல்களின் உச்சியைப் பாருங்கள். ஆல்கஹால் மிகுந்த இம்பீரியல் ஸ்டவுட்டுகளும் கிடைப்பதற்கரிய பாட்டில்களுமே நெருக்கியடித்து நிற்கும். நேர்த்தியான 5 சதவீத லாகர் எங்கோ கீழே கிடக்கும். பெல்ஜியத்தின் சின்ட்-சிக்ஸ்டஸ் மடத்தில் துறவிகள் தயாரித்து, நெடுங்காலம் லேபிள்கூட ஒட்டாமல் விற்ற வெஸ்ட்ஃபிளேட்டரன் 12-ஐ ரேட்பீர் தளம் 2005-இல் உலகின் சிறந்த பீர் என்று அறிவித்தது. மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின, இருப்பு தீர்ந்தது. துறவிகள் அப்போதும் உற்பத்தியைக் கூட்ட மறுத்தார்கள். நல்ல பீர்தான். ஆனால் அவ்வளவு தூரம் போய்க் காத்திருந்து வாங்கியவர் அதற்குக் குறைந்த மதிப்பெண் போடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

“பீர் குடித்தால் கிட்னி கல் கரையும்” என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குடித்தால் சிறுநீர் அதிகம் போவது நிஜம். நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குவதால் அப்படி. உருவாகிவிட்ட கால்சியம் கல் அதனால் கரையாது. பீரில் உள்ள பியூரின் யூரிக் அமிலத்தை வேறு கூட்டும். கீல்வாதமான கவுட் நோயின் அபாயத்தை மதுவகைகளில் பீரே அதிகம் உயர்த்துகிறது என்று 2004-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. வலியோடு துடிப்பவரை மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் பீர் வாங்கிக் கொடுப்பவர், அடைபட்ட சிறுநீரகத்தைப் பாழாக்கத் துணைபோகிறார்.

கடைசியாக, படித்தவர்களே சொல்லும் ஒன்று: “இது ருசி பார்ப்பதுதான், குடிப்பதல்ல.” கணக்குப் போடுவோம். ஆளுக்கு 90 மி.லி. வீதம் ஆறு வகை, சராசரி 8 சதவீதம் என்றால் உள்ளே போவது ஏறத்தாழ 34 கிராம் ஆல்கஹால். அது 5 சதவீத பீரில் 330 மி.லி. பாட்டில் இரண்டரைக்குச் சமம். ஊற்றுகிற அளவு தாராளமானால் இது இரட்டிப்பாகும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மதுபானங்கள் 1988-இலிருந்தே இருக்கின்றன, கிராஃப்ட் என்ற சொல்லுக்கு அதில் விலக்கில்லை. நான்காவது, ஐந்தாவது கிளாஸுக்குப் பிறகு போடும் மதிப்பெண்ணும் நம்பத்தக்கதல்ல. ஆகவே ஒரு மாலைக்கு மூன்று நான்கு வகை, வகைக்கு 60 மி.லி., இடையிடையே தண்ணீர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி வாகனம் ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.க்கு மேல் இருந்தால் குற்றம். ருசி பார்க்க வந்தவரும் வண்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.