தனிமை குறைந்ததா?

கேள்வி: தனியாக வசிக்கும் முதியவர்கள் வீட்டிலிருந்தே செல்போனில் வரைந்து அனுப்புவதை ஒரே ஓவியமாகக் கோக்கிறோம். இது அவர்கள் தனிமையைக் குறைத்ததா என்று எப்படி அறிவது?

பதில்: எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேகர் 2010இல் வெளியிட்ட முதல் ‘வர்ச்சுவல் கொயர்’ காணொளியில், 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் அவரவர் அறையில் தனியே பாடி அனுப்பிய குரல்கள் ஒன்றிணைந்தன. கொரோனா ஆண்டான 2020இல் 129 நாடுகள், 17,572 பேர். பிரமிப்பான வளர்ச்சிதான். ஆனால், பாடியவரின் தனிமை தணிந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

அதற்கென்றே யுசிஎல்ஏ தனிமை அளவுகோல் இருக்கிறது. சுருக்க வடிவில் மூன்றே கேள்விகள்: துணை இல்லையென்று, ஒதுக்கப்பட்டதாக, பிறரிடமிருந்து விலகியிருப்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்? மதிப்பெண் 3 முதல் 9 வரை. கூடினால் தனிமை அதிகம். தொடங்கும் முன்பும், முடிந்து சில மாதம் கழித்தும் கேளுங்கள்.

வரைந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா என்றும் பாருங்கள். ஓவியம் எவ்வளவு அழகாக அமைந்தாலும், அந்தப் பேச்சு இல்லையென்றால் திட்டம் பாதியில்தான் நிற்கிறது. நடுவில் விலகியவர்களுக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள்.